மரம் இரண்டு, மழைக்கு முன்

மலையாண்டியை நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் அந்த அலுவலகத்தில் குறைவு. உட்கார்ந்து செய்யும் வேலைக்குத்தான் சர்க்கார் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவரோ பதினோரு வருஷமாக நின்றும் நடந்தும் அதைச் செய்துவந்தார். பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு ஜன்னல் வரை போவார். திரும்புவதற்குள் நிப்பில் மை காய்ந்திருக்கும். மறுபடி தோய்ப்பார். இத்தனைக்கும் அவர் கையெழுத்தைப் போல நிதானமான கையெழுத்து இராமநாதபுரத்தில் எந்த அலுவலகத்திலும் கிடையாது.

கமுதிக்குத் தெற்கே மிளகாய் போடுகிற ஒரு கரிசல் கிராமத்தில் பிறந்தவர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு, சுதந்திரம் வந்த மறு வருஷம், பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கிற இந்த அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கடல் அங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் கடலோடு அவருக்கு இருந்த சம்பந்தம் கருவாட்டோடு முடிந்தது.

அவருக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. இரண்டு காகிதங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முட்டுகிறது என்று மூச்சுவிடுகிற நேரத்தில் சொல்லிவிடுவார். அதனால் 1959-ஆம் வருஷம், ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு சரகங்களின் சீரமைப்புத் திட்டங்களை ஒப்பிட்டுப் பட்டியல் போடும் வேலை அவர் மேஜைக்கு வந்தது. காகிதத்தில் அந்தச் சரகங்களுக்கு முறையான பெயர்கள் உண்டு. அலுவலகத்தில் யாரும் அவற்றைச் சொல்வதில்லை. ஒன்று கரிசல் சரகம், மற்றது கடற்கரைச் சரகம்.

கரிசல் சரகத்தின் திட்டம் எண்பது பக்கம். கடற்கரைச் சரகத்தினுடையது ஒன்பது பக்கம். அதிலும் இரண்டு பக்கத்தில் எண்ணெய்க் கறை. கரிசல்காரர்கள் பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்டார்கள். கடற்கரைக்காரர்கள் பள்ளிக்குள் நிற்கிற தண்ணீரை வடிக்க வாய்க்கால் கேட்டார்கள். இவர்கள் மாடு நுழையாமல் வேலி என்றால், அவர்கள் மணல் நுழையாமல் தட்டி. இவர்கள் அறுவடை மாதத்தில் லீவு வேண்டும் என்றால், அவர்கள் அதே மாதத்தில் லீவே கூடாது என்றார்கள்.

அதிகாரி ஒரு விதி வைத்திருந்தார். இரண்டு திட்டத்திலும் எது ஒன்றுபோல இருக்கிறதோ அதை முதலில் கொடுப்பது, மற்றதெல்லாம் பிறகு. ஓரவஞ்சனை என்று ஒருவரும் வாய் திறக்க முடியாது. விதி நல்ல விதிதான். ஒன்றுபோல எதுவுமே இல்லை என்பதுதான் சங்கடம். மலையாண்டி மூன்று நாள் ஜன்னலுக்கும் மேஜைக்குமாக நடந்தார்.

நாலாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். கரிசல் திட்டம், நாற்பத்தேழாம் பக்கம்: 'மரம் - 100.' கடற்கரைத் திட்டம், ஆறாம் பக்கம், சிப்பித்திட்டு என்கிற மணல் தீவுக்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு சின்னப் பள்ளியின் பெயருக்கு நேரே: 'மரம் - 2. பிள்ளைகளுக்கு. மழைக்கு முன் கிடைத்தால் நலம்.'

மழைக்கு முன் என்ற வார்த்தை அவர் மனசைத் தொட்டது. மரம் வைக்கத் தெரிந்தவன் எழுதியது! ஆனால் இரண்டே இரண்டு என்ன கணக்கு? கரிசல்காரன் கூச்சப்படாமல் நூறு கேட்கிறான். இந்த மணல் காட்டுக்காரன், நிழலையே பார்த்திராதவன், ரெண்டு கேட்கிறான். மலையாண்டி பிரதி எடுக்கும்போது இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டு இருபதாக்கினார். மரம் என்பதற்கு முன்னால் 'நிழல் தரும்' என்று இரண்டு வார்த்தையும் சேர்த்தார். பதினோரு வருஷத்தில் பார்த்து எழுதுகிற காகிதத்தில் அவர் சொந்தமாகச் சேர்த்தது அவ்வளவுதான். இரக்கத்தில் செய்தது.

அதிகாரி கையெழுத்திட்டார். மாநாட்டில் கைதட்டல் விழுந்தது. கடலும் கரிசலும் மரத்தில் கைகோத்தன என்று ஒருவர் மேடையில் பேசினார்.

வீட்டில் மட்டும் அவர் மனைவி கருத்தம்மாள் கைதட்டவில்லை. "கொல்லையில ஒரு முருங்கைக் கொம்பு ஊனுங்கன்னு சொல்லி மூணு வருசமாச்சு. ஊருக்கு இருபது மரமாக்கும்" என்றாள்.

புரட்டாசி பாதியில், தலையில் குல்லாவும் கையில் குடையுமாக ஒருவர் அலுவலகத்துக்குள் வந்தார். அந்தச் சின்னப் பள்ளியின் தலைமையாசிரியர் வாவு முகம்மது. குடை நுனியில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

"மரம் வந்துச்சு சார்" என்றார்.

"வந்திருச்சா? நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. வேம்பு பத்து, பூவரசு பத்து. ஒரு சந்தேகம் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேன். இதுல பிள்ளையள எப்படி ஏத்துறது?"

மலையாண்டி நின்ற இடத்திலேயே நின்றார். அவர் அப்படி நிற்பதைப் பக்கத்து மேஜைக்காரர்கள் தலைதூக்கிப் பார்த்தார்கள்.

"ஏத்துறதா?"

"நான் கேட்டது மரம் சார். கடல்ல தள்ளுற மரம்."

"கட்டுமரமா?"

"அதத்தான் எழுதியிருந்தேன், மரம்னு."

"கட்டுமரம்னு எழுத வேண்டாமா வாத்தியாரய்யா?"

"கட்டாத மரத்துல யாரு சார் கடலுக்குப் போவா? எங்க ஊர்ல மரம்னா மரந்தான்."

"அப்ப மரத்தை என்ன சொல்வீக?"

"எந்த மரத்தை?"

"வேப்ப மரத்தை!"

"வேம்புன்னு சொல்லுவோம்" என்றார் வாவு முகம்மது, சற்று வருத்தத்தோடு.

ஆட்சிமொழி தமிழ் என்று சட்டம் வந்து மூன்று வருஷமாகியிருந்தது. அதற்கு முன்னால் என்றால் அவர் அதை இங்கிலீஷில் எழுதியிருப்பார்; அந்த பாஷை இந்தக் கரையிலிருந்து தூக்கிக்கொண்டு போன 'காட்டமரான்' என்ற சொல்லையே எழுதியிருப்பார்; ஒரு குழப்பமும் வந்திராது. தமிழில் எழுதியதால்தான் தமிழர் இருவருக்கும் நடுவே இருபது செடி முளைத்துவிட்டது.

விஷயம் சிரிப்போடு முடிகிறதாக இல்லை. சிப்பித்திட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே கடல் நீர் ஏறி நிற்கிற ஒரு கழி. கோடையில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நடந்து வருவார்கள். ஐப்பசி மழை இறங்கினால் கழி ஆள் உயரம். திட்டில் இருக்கிற மரங்களெல்லாம் விடியும் முன்னே கடலுக்குப் போய் மதியத்துக்கு மேல்தான் கரை பிடிக்கும். அதனால் மழைக்காலம் முழுக்க முப்பத்தொரு பிள்ளைகள் வருவதில்லை. இரண்டு மாதம் தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும் என்று விதி. வாவு முகம்மது வருஷா வருஷம் நீக்குவார். தண்ணீர் வடிந்ததும் தை மாதம் சேர்த்துக்கொள்வார். இந்த வருஷம் மேலிருந்து புது உத்தரவு: நீக்கிய பெயரை அதே வருஷம் மறுபடி சேர்க்கக் கூடாது.

"ஒரு வருசம் வலை இழுத்துப் பழகிட்டான்னா அப்புறம் வருவானா சார்? முப்பத்தொண்ணும் போச்சு. ஒரு மரத்துக்கு எட்டுப் பிள்ளை, ரெண்டு நடை. கடலுக்குப் போவாத பெரியவங்க ரெண்டு பேரு கம்பு ஊனித் தாங்குறதுக்கு ஒத்துக்கிட்டாங்க. மரந்தான் இல்ல."

மறுநாள் மலையாண்டி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஏர்வாடி பஸ்ஸில் ஏறினார். இறங்கி மணலில் ஒரு மணி நேரம் நடந்தார். பள்ளிக்கு முன்னால் அவர் அனுப்பிய செடிகள் வரிசையாக நின்றன. உப்புக் காற்றில் வேம்பின் இலை ஓரங்கள் அப்போதே கருகியிருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கழியில் இறங்கினார். மழை இன்னும் வரவில்லை; அப்போதே இடுப்பளவு தண்ணீர். எதிரே சாலிஹா என்கிற பெண் ஏழெட்டுப் பெண் பிள்ளைகளைக் கையைப் பிடித்து வரிசையாக நடத்திக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் வைத்திருந்தார்கள்.

"மரம் நட வந்த சாரா?" என்றாள் அவள். வாவு முகம்மது ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார்.

மலையாண்டி தண்ணீரில் நின்றபடியே தலையை ஆட்டினார்.

"எங்க பிள்ளையளுக்கு நெழலு எதுக்கு சார்? இதுக்கு மேல கருக்க எடம் ஏது? மழ வந்துட்டா நான் இவ்வளவு பேர எங்கன புடிக்க?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கால் வைத்த இடம் பள்ளமாக இருந்ததால் அந்த நேரம் அவர் வாயில் கழித் தண்ணீர்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் நேரே தலைமை எழுத்தர் கூத்தையாவிடம் போனார். ஓய்வுபெற ஏழு மாதம் இருந்த கூத்தையாவுக்கு எந்த பைலையும் திறக்காமல் ஓய்வுபெற வேண்டும் என்பதே ஆசை.

"அண்ணே, தப்பு நடந்துபோச்சு. கடற்கரைக்காரன் கேட்டது படகு. திருத்தக் குறிப்பு எழுதப்போறேன்."

"எழுது. எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"படகு கிடைக்கும்."

"கிழிச்சது. நம்ம இலாகாவில படகுக்கு எங்கலே செலவுத் தலைப்பு இருக்கு? கரும்பலகைக்கு இருக்கு, மணிக்கு இருக்கு, தோட்டத்துக்கும் மரத்துக்கும் இருக்கு. படகுன்னு எழுதினா பைல் மீன் இலாகாவுக்குப் போகும். அவன் பிள்ளைக்கு என்ன சம்பந்தம்னு திருப்பி அனுப்புவான். அதுக்குள்ள அந்தப் பிள்ளைக பேரன் எடுத்திரும்."

மலையாண்டி ஜன்னலுக்குப் போய்த் திரும்பினார்.

"இன்னொண்ணு. அந்த மரம் வேற, இந்த மரம் வேறன்னு நீ எழுதினா, ரெண்டு திட்டமும் எதுலயுமே ஒத்துப்போகலைன்னு ஆகுது. அப்ப உங்க ஊர்க்காரன் நூறு மரமும் போச்சு. அந்த மரத்துக்கும் இல்ல, இந்த மரத்துக்கும் இல்ல. பேசாம போய் உக்காரு. உக்காரவாவது பழகு."

மலையாண்டி மறுபடி ஜன்னலுக்குப் போனார். அன்று சாயங்காலம் வரை அவர் நடந்த நடையைக் கூட்டினால் ஏர்வாடிக்கே போயிருக்கலாம். இத்தனை வருஷம் பிழை என்று கண்டால் அடித்துத் திருத்திய ஆள். இப்போதுதான் முதல் முறையாக, ஒரு காகிதத்தில் எது பிழை என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கினார். மரம் என்ற சொல் பிழையா? இல்லை, கேட்டவர் அதைத்தான் கேட்டார். மழைக்கு முன் என்பது பிழையா? சத்தியமான வார்த்தை. அந்தப் பட்டியலில் பிழையாக இருந்தது ஒரு சுழியும் இரண்டு வார்த்தையும். மூன்றும் மலையாண்டியுடையவை.

மறுநாள் காலை அவர் எழுதிய குறிப்பு ஐந்து வரிதான்: 'மூலத்தில் உள்ளபடி பிரதி எடுக்கத் தவறியமையால், நிழல் தரும் என்ற சொற்கள் மிகையாகச் சேர்ந்துள்ளன. 20 என்பதை 2 எனப் படிக்கவும். அந்த மண்ணின் இயல்புக்கு உள்ளூர் மரமே தாங்கும் என்பதால் அங்கேயே வாங்க அனுமதிக்கலாம். அனுப்பிய செடிகளைக் கரிசல் சரகத்துக்கு மாற்றலாம். பிழை என்னுடையது.'

அதிகாரி அவரைக் கூப்பிட்டார். "பதினோரு வருஷத்தில் நீர் பிரதி எடுத்ததில் பிழை வந்ததே இல்லையே?"

"இப்ப வந்திருச்சுங்க அய்யா."

"இருபது மரம் கொடுத்ததை இரண்டாகக் குறைக்கச் சொல்கிறீரே, அவர்கள் வருத்தப்பட மாட்டார்களா?"

"சந்தோஷப்படுவாங்க அய்யா."

சிக்கனத்தில் சந்தோஷப்படுகிற ஜனங்கள் இந்த ஜில்லாவில் இருப்பது அதிகாரிக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும், கையெழுத்துப் போட்டார். கூடவே, கவனக்குறைவுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் போட்டார். மறு வருஷம் கூத்தையா இடம் காலியானபோது அந்த மெமோ குறுக்கே வந்து நின்றது. இடம் வேறொருவருக்குப் போனது. நாற்காலியில் உட்காராத ஆளுக்கு அது ஒரு நஷ்டமா என்று சிலர் சிரித்தார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. ஐப்பசி நடுவில் மழை பிடித்தது. கார்த்திகை முதல் வாரம் இரண்டு மரம் கழியில் இறங்கின. மலையாண்டி தினமும் தபால்காரரை வாசலிலேயே மறித்தார். மார்கழி பிறந்த மூன்றாம் நாள் வாவு முகம்மதுவின் கடுதாசி வந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்பது பேர் வரவில்லை. ஒன்பதும் பெண் பிள்ளைகள். நேரில் சொல்கிறேன், அல்லாஹ் பெரியவன்.

பிறந்ததிலிருந்து தண்ணீரில் நடந்து வந்த பிள்ளைகள் படகு வந்த பிறகு வரவில்லை! மலையாண்டி கடுதாசியை மடிக்காமல் கையில் பிடித்தபடியே பஸ் ஏறினார்.

வாவு முகம்மது அவரை மரத்தில் ஏற்றித் திட்டுக்குக் கூட்டிப்போனார். கரையில் இரண்டு மரமும் நீரில் ஆடிக்கொண்டிருந்தன. வாவு முகம்மது குடையோடு நின்றார். எதிரே சாலிஹாவின் புருஷன் ஹமீது சுல்தான். கடலில் காற்று என்று அன்று தொழிலுக்குப் போகவில்லை. அவர் பின்னால் சாலிஹா. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பத்து வயது மகள்.

"பொம்பளப் பிள்ள கால் வச்ச மரத்துல மீன்பாடு வராது சார்" என்றார் ஹமீது சுல்தான். "எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். வலைய விரிச்சா சருகுதான் வரும். நான் சொல்லல, ஊரே சொல்லுது."

"இவரு வாப்பா காலத்துல மட்டும் வலையில முத்தா வந்துச்சு?" என்றாள் சாலிஹா பின்னாலிருந்து.

"நீ சும்மா இரிடி."

மலையாண்டி மணலில் மேலும் கீழும் நடந்தார். பிறகு நின்றார். "இது மரம் இல்லீங்க" என்றார்.

வாவு முகம்மதுவுக்குக் குடை நழுவியது. "சார், இது மரந்தான் மரந்தான்னு நீங்கதானே பைல்ல எழுதினீங்க!"

"பைல்ல மரம். இங்கன மரம் இல்லை. பாய், இது எந்த வலையைத் தூக்கிட்டுப் போகுது? எந்த மீனைப் பிடிக்குது?"

"ஒண்ணுமில்ல."

"தொழிலுக்குப் போகாதது எப்படி மரமாகும்?"

ஹமீது சுல்தான் யோசித்தார். நியாயமாகப்பட்டது. அதனாலேயே அவருக்குச் சந்தேகமும் வந்தது. "மரம் இல்லன்னா இது என்ன?"

மலையாண்டி வாவு முகம்மதுவின் தோள்பையிலிருந்து பள்ளிக்கூடத் தளவாடச் சாமான் பதிவேட்டை வாங்கிப் பிரித்தார். வாவு முகம்மது அதில் இன்னும் அந்த இரண்டையும் ஏற்றியிருக்கவில்லை. எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்று தெரியாமல் விட்டிருந்தார். மலையாண்டி அவர் பேனாவை வாங்கி, கரையில் நின்றபடியே, அந்த நிதானமான எழுத்தில் எழுதினார்: 'பெஞ்சு, நீளமானது - 2.'

"சர்க்கார் பெஞ்சு பாய். உங்க பிள்ளை பள்ளிக்கூடத்துல பெஞ்சுல உக்காருதா இல்லையா?"

"எங்க பள்ளிக்கூடத்துல பெஞ்சே கெடையாது சார். தரையிலதான்."

"இப்ப வந்திருச்சு" என்றார் மலையாண்டி.

சாலிஹா அதற்கு மேல் யாருடைய முடிவுக்கும் காத்திருக்கவில்லை. மகளைத் தூக்கி மரத்தின் நடுவில் உட்காரவைத்தாள். "பெஞ்சுல ஆடாம உக்காரு. ஆடினா விழுந்துருவ" என்றாள். ஹமீது சுல்தான் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, காற்று பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்வதா என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. தாங்குகிற பெரியவர் கம்பை ஊன்றித் தள்ளினார்.

பார்த்துக்கொண்டிருந்த வீடுகளிலிருந்து இன்னும் இரண்டு பெண் பிள்ளைகள் சிலேட்டோடு இறங்கி ஓடிவந்தன. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"மூணு" என்றார் வாவு முகம்மது. "மிச்சம் ஆறு. பேரு நீக்க எட்டு நாள் இருக்கு சார்."

"எந்தெந்த வீடு?"

"அந்தக் கடைசியில ஓலை சரிஞ்ச வீடு, அதுக்கு அங்கன ரெண்டு... சார், கடைசி பஸ் போயிரும்."

மலையாண்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்.